உள்ளே விடும், வெளியே விடாது

நாற்று நடும் வயலில் முதல்முறை இறங்கும் டவுன் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். கால் வைக்கும்போது சேறு வெண்ணெய் மாதிரி வழிவிடும். அடுத்த அடி எடுக்கலாம் என்று தூக்கினால் கால் வராது. முக்கி இழுத்தால் மற்றக் கால் இன்னும் கீழே போகும். செருப்போடு இறங்கியிருந்தால் கால் மட்டும் மேலே வரும். செருப்பு வயலுக்குச் சொந்தம்.

அதே வயலில், அதே சேற்றில், அறுபது வயது அம்மா ஒருவர் குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்துகொண்டே நட்டுப் போகிறார். அவருக்கும் கால் புதையத்தான் செய்கிறது. ஆனால் அவர் காலை நேராகத் தூக்குவதில்லை. குதிகாலை லேசாக உயர்த்தி, பாதத்தைச் சாய்த்து, ஒரு பக்கமாக உருவி எடுக்கிறார். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். கால் வெளியே.

உள்ளே போவதற்கு உடம்பின் எடை மட்டுமே போதுமாக இருந்தது. வெளியே வருவதற்கு ஏன் அதைவிட அதிக பலம் வேண்டியிருக்கிறது? அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், ஏரிக்குள் இடுப்பளவு புதைந்து நிற்கும் 20 டன் செயின் வண்டியை வெளியே எடுக்கும் வித்தையில் பாதி தெரிந்துவிடும்.

காரைவிட லேசாக மிதிக்கும் இயந்திரம்

ஒரு பொருள் சேற்றில் இறங்குமா என்பதை அதன் எடை மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தரையும் சுமக்கும் எடையைத் ‘தரையழுத்தம்’ என்று சொல்லலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு கட்டத்தில் முழு எடையும் ஒற்றைப் பாதத்தில் இருக்கும். பாதத்தின் பரப்பு ஏறக்குறைய 170 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 350 கிராம். ஊர்ப்பக்கம் ‘ஹிட்டாச்சி’ என்றே பொதுப்பெயர் பெற்றுவிட்ட 20 டன் செயின் வண்டியை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு செயின்களும் தலா 60 சென்டிமீட்டர் அகலம். தரையில் படியும் நீளம் சுமார் 3.6 மீட்டர். மொத்தப் பரப்பு 43,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 460 கிராம்தான் வருகிறது! நடக்கும் மனிதனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ஒரு சின்னக் காரின் டயர் 2 கிலோ அளவுக்கு அழுத்துகிறது.

அப்படியானால் இவ்வளவு லேசாக மிதிக்கும் வண்டி எப்படிப் புதைகிறது?

வண்டி சும்மா நின்றால்தான் மேலே சொன்ன கணக்கு. வேலை செய்யும்போது, மண் அள்ளும் கையான பூம் ஏழெட்டு மீட்டர் நீண்டு, அதன் நுனியில் ஈரமண் நிறைந்த பக்கெட் தொங்கும். எடையெல்லாம் செயினின் முன்விளிம்புக்கு ஓடிவிடும். பின்பக்கம் லேசாகி, முன்பக்க அழுத்தம் இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே போகும். முன்பக்கம் ஒரு சாண் இறங்கியதும் வண்டி சாய்கிறது. சாய்ந்ததும் இன்னும் எடை முன்னால் வருகிறது. அதனால் இன்னும் இறங்குகிறது. ஆபரேட்டர் சுதாரிப்பதற்குள் மூக்கு குத்தி நிற்கும்.

மேலே ஓடு, கீழே கூழ்

கோடையில் தூர்வாரும் ஏரிகளில்தான் இது அதிகம் நடக்கிறது. மழைக்காலத்து ஏரியைப் பார்த்தால் யாரும் வண்டியை இறக்க மாட்டார்கள். சித்திரை மாதத்து ஏரிதான் ஆளை ஏமாற்றும். மேலே பாளம் பாளமாக வெடித்து, மாடு மேய்ந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெயில் காய்ச்சியது மேலே இருக்கும் ஓட்டை மட்டும்தான். களிமண்ணிலிருந்து நீர் வெளியேறுவது அவ்வளவு மெதுவானது என்பதால் கீழே பல மாதத்து ஈரம் அப்படியே இருக்கும். ஆடை படிந்த பால் போல. ஓடு தாங்கும்வரை வண்டி தரையில் நிற்கிறது. ஓடு உடைந்தால் கூழில் நிற்கிறது.

அந்தக் கூழ் எவ்வளவு தாங்கும்? மண்ணின் ஒரு அடுக்கை அடுத்த அடுக்கின்மேல் சறுக்கவைக்கத் தேவைப்படும் பலத்தை அதன் ‘அறுபடுவலு’ எனலாம். மென்மையான களிமண், தன் அறுபடுவலுவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு தரையழுத்தத்தைத் தாங்கும் என்பது மண் பொறியாளர்களின் பழைய கணக்கு. இதைச் சோதிக்க ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு பிடி களிமண்ணை எடுத்துக் கையை மூடி இறுக்கினால், விரலிடுக்கில் பிதுங்கி வந்துவிடுகிறதா? அப்படியானால் அது ‘மிக மென்மை’ என்ற வகை. சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராமுக்கு மேல் தாங்காது. கொழகொழவென்று பிதுங்கினால் அதில் பாதிகூடத் தாங்காது. 460 கிராம் வண்டிக்கு அங்கே இடமில்லை.

காற்றுக்குக் கதவடைப்பு

புதைவது இதுதான். விடாமல் பிடிப்பது வேறு கதை.

ஊசிபோடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுத்துப் பார்த்தால் கை உணரும். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் தண்டு திரும்ப ஓடுகிறது. உள்ளேயிருந்து அதை யாரும் இழுக்கவில்லை. வெளியேயிருந்து காற்று தள்ளுகிறது. தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 1 கிலோ. சதுர மீட்டருக்கு 10 டன்.

சேற்றில் புதைந்த பாதத்தை நேராகத் தூக்கும்போது அதன் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. அதை நிரப்ப யாராவது வரவேண்டும். காற்று வர வழியில்லை. சுற்றிலும் சேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வரலாம். ஆனால் களிமண் துகள் ஒன்று ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அவற்றுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் தண்ணீர் ஊர்ந்துதான் வரமுடியும். பிரான்சின் தீஜோன் நகரில் குடிநீர் ஏற்பாடு செய்த ஆன்றி டார்சி என்ற பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து 1856இல் வெளியிட்டார். அதே கணக்கைக் களிமண்ணுக்குப் போட்டால், மணலில் ஒரு நொடியில் கடக்கும் தூரத்தைக் களிமண்ணில் கடக்கத் தண்ணீருக்குப் பல நாள் ஆகும். 1925இல் வியன்னாவில் வெளியான கார்ல் டெர்சாகியின் நூல், களிமண்ணின் குணங்களில் பெரும்பாலானவை இந்தத் தாமதத்திலிருந்தே பிறக்கின்றன என்று காட்டி, மண் பொறியியல் என்ற துறையையே தொடங்கிவைத்தது.

எனவே, நிரப்ப ஆள் வரும்வரை பாதத்துக்கு மேலே 1 கிலோ, கீழே அதைவிடக் குறைவு. வித்தியாசம் முழுவதும் காலை அழுத்திப் பிடிக்கிறது. இதை ‘உறிஞ்சுபிடி’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘ப்ளக்’ என்ற சத்தம், கடைசியில் காற்று உள்ளே பாயும் சத்தம்.

அவசரப்பட்டால் பிடி இறுகும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பான் குழுவினர் புதைமணலை ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதைமணலில் மாட்டிய காலை நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்க, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவு பலம் வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். காலை மெல்ல அசைத்துத் தண்ணீருக்கு வழி கொடுப்பதுதான் தப்பும் வழி. (சினிமாவில் காட்டுவதுபோல் தலைவரை முழுகுவதும் நடக்காது. புதைமணல் மனித உடம்பைவிட இரண்டு மடங்கு கனமானது, இடுப்பளவோடு மிதந்துவிடும்.)

மகாபாரதத்தின் கர்ணபர்வத்தில் ஒரு இடம் உண்டு. கர்ணன் தேரிலிருந்து குதித்து, மண்ணில் அழுந்திய சக்கரத்தை இரு கைகளாலும் மேலே தூக்குகிறான். பூமி நான்கு விரற்கடை உயரம் எழுந்து வருகிறது. சக்கரம் மட்டும் மண்ணை விடவில்லை. சாபத்தின் கதை அது. ஆனால் சேற்றில் சக்கரம் தூக்கிப் பார்த்த யாரோ ஒருவரின் அனுபவம் அதற்குள் இருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. நேராக மேலே தூக்கினால் சக்கரத்தோடு சேர்ந்து மண்ணும்தான் எழும்.

யானைக்கு இந்தத் தொல்லை குறைவு. எடை இறங்கும்போது அதன் பாதம் அகலமாகப் பிதுங்கும், தூக்கும்போது சுருங்கும். சுருங்கியதும் சுற்றிலும் சந்து விழுந்து காற்று இறங்கிவிடும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்?

மாட்டிக்கொண்ட எந்த டிரைவரும் முதலில் செய்வது, வண்டியை முன்னும் பின்னும் உறுமவைப்பது. வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் விவசாயிக்கு இதன் விளைவு தெரியும். நடவுக்கு முன் தண்ணீர் கட்டித் தொழி உழவு ஓட்டுவது எதற்காக? மண்ணின் கட்டமைப்பை உடைத்துக் கூழாக்கத்தான். சுழலும் செயின் அதே தொழியைத்தான் அடிக்கிறது, அதுவும் தனக்குக் கீழேயே.

களிமண் துகள்கள் உருண்டைகள் அல்ல; மெல்லிய தகடுகள். சீட்டுக்கட்டு வீடுபோல ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பதில்தான் அவற்றின் பலம் இருக்கிறது. கலக்கினால் வீடு சரிந்து, நீர் விடுபட்டு, மண் இளகும். சும்மா விட்டால் சீட்டுகள் மெல்ல மீண்டும் சாய்ந்துகொண்டு இறுகும். கலங்கினால் இளகி, ஓய்ந்தால் இறுகும் இந்தக் குணத்துக்குத் ‘திக்சோட்ரோபி’ என்று பெயர். சேற்றில் மாட்டியவனுக்கு இது இரட்டைத் துரோகம். அவன் உறுமும்போது அது இளகிப் புதைக்கிறது. “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று ராத்திரி விட்டுவிட்டுப் போனால், விடிவதற்குள் செயின் இடுக்கெல்லாம் இறுகிப் பிடித்திருக்கும்.

அப்படியானால் தொழி உழும் டிராக்டர் ஏன் புதைவதில்லை? வருஷக்கணக்காக உழுததில் வயலின் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டு உண்டாகியிருக்கும். டிராக்டரின் கேஜ் வீல் கூழைக் கிழித்துக்கொண்டு அந்தத் தட்டின் மேல்தான் ஓடுகிறது. ஏரிக்குள் அப்படித் தட்டு கிடையாது.

ஒரு செயின் வண்டியை வெளியே எடுப்பது

இனி நம் 20 டன் வண்டி. செயின் முழுக்கப் புதைந்து, அடிவயிறு சேற்றில் படிந்து நிற்கிறது. கரை 30 மீட்டர் தூரம்.

கிரேன் கொண்டுவந்து நேராகத் தூக்கலாம் என்று கரையில் நிற்கும் யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்த யோசனை நிற்காது. செயின்களின் அடிப்பரப்பு சுமார் 4.3 சதுர மீட்டர். உறிஞ்சுபிடி முழுதாக வேலை செய்தால் அதன் மேல் 43 டன் காற்று உட்கார்ந்திருக்கும். வண்டியின் சொந்த எடையும் சேர்ந்து 63 டன். உண்மையில் அவ்வளவு வராது. அதற்கு முன்பே சேறு எங்காவது கிழிந்து காற்றை விடும். ஆனாலும் 20 டன்னைத் தூக்க வந்த கிரேனுக்கு 20 டன்னோடு வேலை முடியாது என்பது நிச்சயம். அது நிற்கவும் கெட்டித்தரை வேண்டும்.

அனுபவப்பட்ட ஆபரேட்டர் முதலில் செயினை நிறுத்துகிறார். பூமைச் சுழற்றி வண்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுவருகிறார். பக்கெட்டின் முதுகைச் சேற்றில் ஊன்றி அழுத்தினால் பக்கெட்டே இறங்கிவிடும். அதனால் அதன் அடியில் தடித்த இரும்புத் தகடோ இரண்டு கட்டைகளோ போடச் சொல்வார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக அழுத்துகிறார். அந்தப் பக்கத்துச் செயின் மட்டும் மேலே வரப் பார்க்கிறது.

தோசைக்கல்லில் ஒட்டிய தோசையை யாரும் நடுவில் பிடித்து நேராகத் தூக்குவதில்லை. ஓரத்தில் திருப்பியைச் செருகி, ஒரு முனை விட்டதும் மீதியை உரிக்கிறார்கள். இங்கும் அதேதான். ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கும்போது விளிம்பில் ஒரு சந்து திறக்கிறது. காற்றும் தண்ணீரும் அதன் வழியே உள்ளே ஓடுகின்றன. உறிஞ்சுபிடி ஒரே சமயத்தில் இல்லாமல் துண்டு துண்டாக அவிழ்கிறது. நாற்று நடும் அம்மாவின் குதிகால் செய்வதும் இதைத்தான். விளிம்பு திறக்க மறுத்தால், செயினை ஒட்டிக் கடப்பாரையோ நீளக் குழாயோ இறக்கித் தண்ணீர் பீய்ச்சுவார்கள். சேற்றில் மாட்டிய வண்டிக்கு இன்னும் தண்ணீர் விடுவதைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அடியில் பிறக்கப் பார்க்கும் வெற்றிடத்துக்குப் போகும் தண்ணீர் அது.

செயின் அந்தரத்தில் எழுந்ததும் அதைச் சும்மா சுழலவிடுகிறார். அப்பியிருந்த சேறு கட்டி கட்டியாகத் தெறிக்கிறது. அது மட்டுமே டன் கணக்கில் இருக்கும். ஆனால் அந்தரத்தில் நிற்கும் செயினின் அடியில் ஆள் போகக் கூடாது. பக்கெட் வழுக்கினால் 10 டன் இறங்கும். கட்டைகளை வெளியிலிருந்து உருட்டித்தான் செருக வேண்டும்.

கட்டை என்றால் தென்னை மரத் தடிதான் ஊரில் சட்டென்று கிடைப்பது. 4 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் பருமன் உள்ள 12 தடிகளை இரண்டு செயினுக்கும் குறுக்காக, நெருக்கமாகப் போட்டால் தாங்கும் பரப்பு 14 சதுர மீட்டரைத் தாண்டும். முன்பு 460 கிராமாக இருந்த தரையழுத்தம், தடிகளின் எடையையும் சேர்த்து, 150 கிராமுக்கு அருகில் இறங்கிவிடும். நடக்கும் மனிதனின் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. மறுபக்கத்துக்கும் இதே வேலை. பிறகு பக்கெட்டைக் கரைப்பக்கம் நீட்டி ஊன்றி, பூமால் தன்னைத்தானே இழுத்துக்கொண்டே செயினையும் மெல்ல ஓட்டினால் வண்டி தடிகளின் மேல் நகரும். கடந்த தடிகளைப் பக்கெட்டால் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட வேண்டும். 30 மீட்டருக்கு ஒரு முழு நாள் ஆகலாம்.

ஓக் மரக் கட்டையும் 28 டன்னும்

தன்னைத்தானே கட்டையின் மேல் ஏற்றிக்கொள்ளும் இந்த வித்தைக்கு ஒரு நூற்றாண்டு வயது. 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரஸ் நகருக்கு அருகே பிரிட்டிஷ் படைகள் தாக்குதலைத் தொடங்கின. பாஷன்டேல் என்று பெயர் பெற்ற போர் அது. ஃப்ளாண்டர்ஸ் நிலம் களிமண். வடிகால்கள் இருந்ததால்தான் அங்கே விவசாயம். பீரங்கிக் குண்டுகள் வடிகால்களைச் சிதைத்தன. ஆகஸ்டில் வழக்கத்துக்கு மாறாக மழை கொட்டியது. 28 டன் எடையுள்ள மார்க் IV டாங்கிகள் குண்டுக் குழிகளில் அமிழ்ந்தன.

அந்த டாங்கிகளின் கூரையில் இரும்புப் பட்டை போட்ட ஓக் மரக் கட்டை ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. சுமார் அரை டன் எடை. டாங்கி மாட்டியதும் உள்ளே இருக்கும் எட்டுப் பேரில் யாராவது வெளியே வந்து, கட்டையைச் சங்கிலியால் இரண்டு செயின்களோடும் பிணைக்க வேண்டும், குண்டுமழை நடுவே. செயின் சுழன்றதும் கட்டை முன்பக்கம் வழியாக இறங்கி, டாங்கிக்கு அடியில் போய் மாட்டும். டாங்கி அதன் மேல் ஊர்ந்து ஏறும். பின்பக்கம் வெளிவந்த கட்டை மறுபடி கூரைக்கு ஏறிவிடும். கரை சேரும்வரை எத்தனை சுற்று வேண்டுமானாலும். செயினில் மரக்கட்டையைக் கட்டி ஓட்டிப் பார்க்கும் இன்றைய ஆபரேட்டர்கள் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. ஆனால் கை அதே வேலையைச் செய்கிறது.

இழுப்பவன் பாடு

கட்டை போட்டும் வராத வண்டியை இழுக்கத்தான் வேண்டும். எவ்வளவு பலம் தேவை என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் மீட்புக் கையேடுகளில் ஒரு குத்துமதிப்பு உண்டு. சக்கர ஆழம் புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவு. மட்கார்டு வரை என்றால் இரு மடங்கு. டாங்கியின் சுழல்கோபுரம் வரை என்றால் மூன்று மடங்கு. வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தால் கொஞ்சம் மிச்சமாகும், ஏனென்றால் அந்தச் சேறு ஏற்கெனவே கிழிந்து கிடக்கிறது.

நம் வண்டி வயிறு வரை என்றால் 20 டன்னுக்குக் குறையாமல் வேண்டும். இன்னொரு 20 டன் வண்டியால் அவ்வளவு இழுக்க முடியுமா? வடம் இழுக்கும் போட்டியில் தோற்பவனுக்குக் கை வலு குறைவு என்பதைவிடக் காலூன்றத் தரை இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். இழுக்க வந்த வண்டியும் ஏரிக்குள் நின்றால் அதுவும் தொழியடிக்கும். சாயங்காலத்துக்குள் இரண்டு வண்டிகள் புதைந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இங்கேதான் கிணற்றுக் கப்பி உதவுகிறது. இரும்பு ரோப்பை மாட்டிய வண்டியில் உள்ள கப்பி வழியே திருப்பி, ஒரு முனையைக் கரையில் அசையாத இடத்தில் கட்டிவிட்டால், இழுக்கும் வண்டியின் பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது இரண்டு மடங்கு தூரம் நடக்க வேண்டும், அவ்வளவே. கட்டும் இடம் முக்கியம். வேர் ஆழம் போகாத தென்னையில் கட்டினால் மரம்தான் வரும்.

முறுக்கேறிய ரோப் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும். அதன் நீளத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. ரோப்பின் நடுவில் மண் நிரப்பிய சாக்கையோ கனத்த தார்ப்பாயையோ போட்டுவைப்பது வீச்சைக் குறைக்கும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் ரோப்புக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள் என்பது இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி.

ஏரிக்குள் போன தடம்

எஸ்தோனியாவின் குர்ட்னா பகுதியில் மதாஸ்யார்வ் என்று ஒரு சிறிய ஏரி இருக்கிறது. 1944இல் அங்கே பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியர்கள், தாங்கள் கைப்பற்றி வைத்திருந்த சோவியத் டி-34 டாங்கி ஒன்றை அந்த ஏரிக்குள் ஓட்டி விட்டுவிட்டுப் போனார்கள். அடியில் மீட்டர் கணக்கில் புல்கரிச் சேறு. டாங்கி அதற்குள் இறங்கிவிட்டது.

2000 செப்டம்பரில் அதை வெளியே இழுக்க, 68 டன் எடையுள்ள கொமாட்சு புல்டோசர் ஒன்று வந்தது. டாங்கி 30 டன்தான். அதை இழுக்கவும் ஏறக்குறைய அதே அளவு பலம் வேண்டியிருந்தது. புல்டோசரின் எடையே அங்கே முக்கியம். இல்லாவிட்டால் மேடேறும்போது அதன் செயின் வழுக்கியிருக்கும். காலையில் தொடங்கிய வேலை, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி, பிற்பகல்வரை நீண்டது. டாங்கி ஏறக்குறைய துருப்பிடிக்காமல் இருந்தது. காற்று நுழையாத சேறு, 56 ஆண்டுகளாகத் துருவையும் நுழையவிடவில்லை.

அது அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? 1944இல் அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு பையன், ஏரிக்குள் இறங்கும் செயின் தடத்தைப் பார்த்திருக்கிறான். வெளியே வரும் தடம் எங்கும் இல்லை. அடுத்த இரண்டு மாதங்கள் அந்த இடத்தில் தண்ணீரில் காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன என்று பின்னாளில் அவர் சொன்னார்.